கிலுகிலுப்பையைத் திருப்பி வாங்கலாமா?

தூளி:
"பாட்டு வகுப்பு முடிஞ்சதும் பச்சைப்பிள்ளை கையிலிருந்து கிலுகிலுப்பையைத் திருப்பி வாங்குறவங்க டீச்சரே இல்ல, கடன் வசூல் பண்ற ஆளு." நேற்று இன்னொரு இழையில் வெண்கலக்குரல் அண்ணன் அருளிய வாக்கு இது. பத்துப் பேர் விருப்பம் வேறு போட்டிருக்கிறார்கள். அங்கேயே பதில் சொல்லியிருப்பேன், அதற்குள் இழையைப் பூட்டிவிட்டார்கள்.

நான் திருப்பி வாங்குகிறவள்தான். இரண்டு வருஷமாக ஒரு குடும்பக் காப்பகத்தில் வாரம் ஒருநாள் அரை மணி நேரம் எடுக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் உட்காருவோம். ஐந்து மாதத்திலிருந்து இரண்டரை வயதுவரை பிள்ளைகள், கூடவே அம்மாவோ அப்பாவோ. ஒவ்வொரு பேராகச் சொல்லி ஒரு பாட்டு, மடியில் வைத்துக் குதிக்க ஒரு பாட்டு, அப்புறம் கிலுகிலுப்பை. கடைசியில் டாட்டா பாட்டு. அதைப் பாடும்போது கூடை சுற்றி வரும், எல்லாரும் அதில் போட வேண்டும். மொத்தமே பன்னிரண்டு கிலுகிலுப்பை. கொடுத்தனுப்பிவிட்டால் அடுத்த வாரம் புதிதாக வரும் பிள்ளை கையில் எதைக் கொடுப்பேன்?

எனக்கும் கல் நெஞ்சு இல்லை. போன வாரம் ஒன்றரை வயசுப் பையன் ஒருத்தன், கூடை வந்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஒன்றுமில்லையாம். எழுந்து நடந்தால் அடிக்கு அடி கிலுக், கிலுக். சாக்ஸுக்குள் செருகி வைத்திருக்கிறான். அவன் அம்மாவுக்குச் சிரிப்பும் வருகிறது, முகமும் சிவக்கிறது.

வெண்கலக்குரல்:
தங்கச்சி, இழை தொடங்கி என்னைக் கௌரவிச்சதுக்கு நன்றி. ஒரே கேள்வி. சாக்ஸுக்குள்ள இருந்ததை எடுத்தீங்களா, இல்லையா?

மூணாம்பெஞ்ச்:
அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். குடும்பக் காப்பகம்னா என்ன? வீடு இல்லாம போனவங்க பிள்ளைகுட்டியோட கொஞ்ச நாள் தங்குற இடமா, இல்ல அடி உதைக்குத் தப்பிச்சு வந்தவங்க ஒளிஞ்சிருக்கிற இடமா? ரெண்டும் ஒண்ணில்லையே.

வெண்கலக்குரல்:
எதுவா இருந்தா என்ன? வீட்டை விட்டு வந்த பிள்ளை. தொட்டில் போச்சு, பொம்மை போச்சு, தினம் பாத்த ஜன்னல் போச்சு. அது கையில ஒரு பொருளைக் குடுத்து, "ஆட்டு ஆட்டு"ன்னு கொஞ்சிட்டு, அரை மணி நேரம் கழிச்சு "குடு"ன்னா அது இசைப் பாடமா, பறிகொடுக்கிற பாடமா? இருபது வருஷமா தாளம் சொல்லிக் குடுக்கிறேன். ஒரு பய கையிலிருந்து குச்சியைப் பிடுங்கினதில்ல.

அதுவுமில்லாம இசை கேட்டா மூளை வளரும்னு 1993லயே நிரூபிச்சாச்சு. வாரத்துல அரை மணி நேரம் எந்த மூலைக்கு? பொருள் கூடவே இருந்தாத்தானே தினம் ஆட்டும்? சாக்ஸ் விஷயத்துக்கு இன்னும் பதில் வரல.

அரைமாத்திரை:
வந்ததற்கு ஒரு திருத்தம். 1993 ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். ஒரு குழந்தைகூடக் கிடையாது. மோட்சார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்டார்கள், உருவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் சோதனையில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள், கால் மணி நேரத்தில் அந்தப் பலனும் போய்விட்டது. அதை நம்பி 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கப் பணம் கேட்டார். அந்த வரிசையில் இப்போது நம் வெண்கலக்குரலும்.

வகுப்பால் பலன் உண்டா என்றுதான் கேள்வி என்றால், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்டதைப் படியுங்கள். ஆறு மாதக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் பெற்றோரோடு பாடியது, தட்டியது. இன்னொன்று விளையாடும்போது பின்னால் பாட்டு ஓடியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாடித் தட்டிய பிள்ளைகள் அதிகம் சிரித்தன, அழுதால் சீக்கிரம் சமாதானமாயின. கிலுகிலுப்பையை வீட்டுக்கு அனுப்பினார்களா என்பது அங்கே கேள்வியே இல்லை.

வெண்கலக்குரல்:
வந்துட்டார்யா. போன வருஷம் மெட்ரோனோம் இழையில பாதியில ஓடினவர்தானே நீங்க? அந்தக் கணக்கு இன்னும் தீரல.

இவர் சொன்னதையே எடுத்துக்குங்க. "சமாதானமாயின." வீட்டுல இருக்கிற பிள்ளை, சமாதானமாகும். பறிச்சுட்டு வாங்க, ஆகுதான்னு பாப்போம்.

அரைமாத்திரை:
ஓடவில்லை. நீங்கள் வசவில் இறங்கியதால் விலகினேன். அந்த இழை இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தூளி:
"பறிச்சு" என்ற வார்த்தையை நான் எங்கே சொன்னேன்? கூடை வரும், பாட்டு வரும், பிள்ளையே போடும். மூன்றாவது வாரம் தாண்டினால் கூடையைப் பார்த்ததுமே நீட்டுகிறார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிவதே அந்த இடத்தில் பெரிய விஷயம் அண்ணே. நாளைக்கு எந்த அறை, என்றைக்குக் கிளம்பச் சொல்வார்கள் என்று அம்மாவுக்கே தெரியாது. அரை மணி நேரம் மட்டும் ஒன்றன்பின் ஒன்று பிசகாமல் வரும்.

வெண்கலக்குரல்:
மூணு வாரம் தாண்டினா நீட்டுறாங்க. சரி. மூணு வாரம் தாண்டாம கிளம்பிப் போறவங்க எத்தனை பேர்? நீங்களே சொல்லுங்க.

தூளி:
பாதிக்கு மேல்.

வெண்கலக்குரல்:
அவ்வளவுதான், நான் கேட்க வேறெதுவும் இல்ல. ஒண்ணே ஒண்ணைத் தவிர. சாக்ஸ்.

பெட்டிபடுக்கை:
இங்கே எழுதும் யாராவது காப்பகத்தில் தங்கியதுண்டா? நான் ஐந்து மாதம் இருந்தேன், எட்டு மாதப் பெண் குழந்தையோடு. ஒரே அறையில் நடுவே ஒரு துணித் தடுப்பு, அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். இரவில் என் பெண் இருமினாலே தடுப்புக்கு அப்பால் கட்டில் கிரீச்சிடும். அவள் கையில் கிலுகிலுப்பை இருந்திருந்தால் எங்களை என்ன பாடு படுத்தியிருப்பார்களோ. எங்களுக்கு வந்த டீச்சரும் கூடையில் வாங்கிக்கொள்வார். எனக்கு அது நிம்மதி. டாட்டா பாட்டுதான் ஒட்டிக்கொண்டது. குளியலறைக்கு வரிசையில் நிற்கும்போது அதை முனகித்தான் அவளைச் சமாளிப்பேன். என் குரல் கட்டை, அதற்கு முன் நான் பாடியதே இல்லை.

வெண்கலக்குரல்:
அம்மா, உங்க கஷ்டத்துக்குத் தலை வணங்குறேன். ஆனா நிம்மதி உங்களுக்கு. பிள்ளையைக் கேட்டீங்களா?

பெட்டிபடுக்கை:
எட்டு மாதப் பிள்ளையை எப்படி ஐயா கேட்பது?

மூணாம்பெஞ்ச்:
ஆக, வீடு இழந்தவங்க தங்குற இடம். அப்படித்தானே? யாராவது ஆமான்னு சொல்லுங்கப்பா.

வெண்கலக்குரல்:
பன்னிரண்டு கிலுகிலுப்பைக்குப் பஞ்சப்பாட்டு பாடுறதுக்குப் பதிலா, சின்ன பிளாஸ்டிக் டப்பாவுல நாலு மணியைப் போட்டு மூடியை ஒட்டினா ஆளுக்கு ஒண்ணு குடுக்கலாம். பத்து நிமிஷ வேலை. மனசு வேணும்.

தூளி:
மனசு இருக்கிறது, பயமும் இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மையைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாகப் புகுந்துவிடும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கும் என்று கணக்கு. உங்கள் ஒட்டின மூடி ஒருநாள் பிய்ந்தால் உள்ளே இருக்கும் நாலு மணியும் அந்த அளவுக்குள்தான். வகுப்பில் என் கண், அம்மாவின் கண், இரண்டும் உண்டு. அறையில் அசந்து தூங்குகிற அம்மா மட்டும்தான்.

வெண்கலக்குரல்:
ஓஹோ. அப்ப சாக்ஸுக்குள்ள போனது 31.7க்குள்ள அடங்குமா?

தூளி:
இல்லை. முட்டை வடிவ ஷேக்கர், கோழி முட்டை அளவு இருக்கும். மூடியே கிடையாது.

வெண்கலக்குரல்:
கோழி முட்டை அளவுப் பொருள் ஒன்றரை வயசுப் பிள்ளை சாக்ஸுக்குள்ள எப்படிப் போகும்? கதை விடுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?

மூணாம்பெஞ்ச்:
என் பையன் சாக்ஸை எடுத்து இப்பத்தான் ஒரு எலுமிச்சம்பழத்தை உள்ளே விட்டுப் பாத்தேன். போகுது. ஆனா அவனுக்கு மூணு வயசு.

அரைமாத்திரை:
முட்டை ஷேக்கர் கிலுகிலுப்பை ஆகாது. கைப்பிடி இருந்தால்தான் கிலுகிலுப்பை. தலைப்பே தவறு.

தூளி:
அரைமாத்திரை சார், நீங்கள் என் பக்கம் பேசுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரைமாத்திரை:
நான் எந்தப் பக்கமும் இல்லை. கிடைத்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2015இல் மான்ட்ரியலில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். வீட்டில் பிரெஞ்சு கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத் துருக்கிப் பாட்டு. பேச்சுக்கு நாலு நிமிடம் தாங்கிய பிள்ளைகள் பாட்டுக்கு ஒன்பது நிமிடம்வரை சிணுங்கவில்லை. பல மொழிக் குடும்பங்கள் கூடும் இடத்தில் ஆசிரியர் எந்த மொழியில் பாடினாலும் பாதகமில்லை என்று சொல்ல வருகிறேன்.

வெண்கலக்குரல்:
யாராவது நேர்ல நின்னு பாடினாங்களா, பதிவு பண்ணின பாட்டா?

அரைமாத்திரை:
பதிவுதான்.

வெண்கலக்குரல்:
ஹாஹா! அப்ப டீச்சரே வேண்டாம்னு நீங்களே சொல்லிட்டீங்க. பதிவு பண்ணின பாட்டு, கையில ஒரு கிலுகிலுப்பை. முடிஞ்சது வேலை. மெட்ரோனோம் இழையில வாங்கினது பத்தலையா சார்?

அரைமாத்திரை:
2012 ஆய்வில் பின்னணிப் பதிவு கேட்ட கூட்டம்தான் பின்தங்கியது என்று மேலே எழுதியிருக்கிறேன். படிக்கவே மாட்டீர்களா?

பெட்டிபடுக்கை:
பதிவு பண்ணிய பாட்டு என் பெண்ணின் பேரைச் சொல்லாது. அந்தக் கட்டடத்தில் என் பெண்ணை எல்லாரும் "ஏழாம் அறைக் குழந்தை" என்பார்கள். வாரத்தில் ஒருநாள்தான் வெளியாள் ஒருத்தர் பேர் சொல்லிப் பாடுவார். அவள் தலையைத் திருப்பிப் பார்ப்பாள்.

வெண்கலக்குரல்:
பேரைச் சொல்லிப் பாடிட்டு, அப்புறம் கையிலிருக்கிறதை வாங்கிக்கிறது. நல்லா இருக்கு.

நெறியாளர்:
தனிப்பட்ட பகையைத் தனிமடலில் வைத்துக்கொள்ளவும். மெட்ரோனோம் என்ற சொல் இனி இந்த இழையில் வரக் கூடாது.

மூணாம்பெஞ்ச்:
ஒரு வயசு மருமகளோட சாக்ஸ் கிடைச்சுது. எலுமிச்சம்பழம் போகுது, முட்டை போகல. நீளமா, முட்டி வரைக்கும் வர்ற சாக்ஸா இருந்தா சான்ஸ் இருக்கு. தூளி அக்கா, எந்த சாக்ஸ்?

தூளி:
முட்டி வரைக்கும் வருவதுதான். யாரோ நன்கொடையாகக் கொடுத்தது, அவனுக்கு இரண்டு அளவு பெரியது. போதுமா? அடுத்த வகுப்பு வியாழக்கிழமை. இதைத் தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் கூடையில் இருப்பதைத் துடைத்து வைத்திருப்பேன். பதினொன்றையும்.

வெண்கலக்குரல்:
பதினொண்ணா? பன்னிரண்டுன்னு சொன்னீங்களே. தங்கச்சி, எடுத்தீங்களா இல்லையா?

அரைமாத்திரை:
பதினொன்று என்றால் எடுக்கவில்லை என்று பொருள். கணக்கும் வராதா?

வெண்கலக்குரல்:
உங்களைக் கேட்கல. ஒண்ணு உடைஞ்சிருக்கலாம், தொலைஞ்சிருக்கலாம். அவங்க வாயால சொல்லட்டும். சொல்ற வரைக்கும் தினம் வந்து கேட்பேன்.