பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏறவில்லை: புதியது வாங்குவதா, லினக்ஸா, மேக்கா?

தறிநாடா:
2016-இல் வாங்கிய மடிக்கணினி. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, 11 போடலாம் என்று பார்த்தால் இந்தப் பிராசஸருக்குக் கிடையாது என்கிறது. ஆன் செய்துவிட்டு முகம் கழுவி வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. வேலை என்று பார்த்தால் மொழிபெயர்ப்பு, பிரவுசர், எப்போதாவது சின்னதாக வீடியோ வெட்டுவது, அவ்வளவுதான். தம்பி மேக் வாங்கு என்கிறான், நண்பர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடு, காசே வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மரப்பல்லி:
எதையும் வாங்காதீர்கள், முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலாத வேகமான சேமிப்பகமான ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். வட்டம் சுற்றுவதற்குப் பாதிக் காரணம் அந்த ஹார்ட் டிஸ்க்தான், மீதி அந்த 4 ஜிபி. அந்தக் கால மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே பொருந்தும், ரேமையும் 8 ஆக்க முடிகிறதா பாருங்கள். அப்புறம் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து பூட் செய்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும், பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவை உருவிவிட்டால் போச்சு.

நூல்கண்டு:
மரப்பல்லி சொல்வது சரி, ஆனால் ஒன்று கேட்காமல் விட்டுவிட்டார். மொழிபெயர்ப்பை எதில் செய்கிறீர்கள்? வெறும் வேர்டா, வேறு ஏதாவது மென்பொருளா?

தறிநாடா:
அதைச் சொல்ல மறந்துவிட்டேன். வாடிக்கையாளர்கள் டிராடோஸ் ஸ்டூடியோ என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில்தான் கேட்கிறார்கள்.

நூல்கண்டு:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம்! டிராடோஸ் ஸ்டூடியோ விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது. ஒமேகாடி மாதிரி இலவசக் கருவி லினக்ஸிலும் ஓடும், நன்றாகவும் இருக்கும், ஆனால் வாடிக்கையாளர் கேட்பது வேறு என்றால் அதைப் பேசி என்ன பயன். மேக்கிலும் இதே தொல்லை: 2020 கடைசியில் ஆப்பிளின் எம்1 சிப் வந்ததிலிருந்து, மேக்கில் விண்டோஸை நேரடியாக நிறுவ உதவும் பூட் கேம்ப் கிடையாது, ஆர்ம் வகை சிப்புக்கான விண்டோஸை மெய்நிகர் கணினியாக உள்ளே வைத்து ஓட்ட வேண்டும், அதற்குத் தனி மென்பொருள், தனி உரிமம், கூடுதல் ரேம். வேலை செய்துகொண்டிருக்கும்போது அது மக்கர் செய்தால் நேரம் போவது உங்களுக்குத்தான், தம்பிக்கு இல்லை.

அதனால் தொழிலுக்கு ஒரு விண்டோஸ் 11 மடிக்கணினி. மைக்ரோசாப்ட் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் என்று எழுதியிருக்கும், அதை நம்பாதீர்கள், 16 வாங்குங்கள், ஏனென்றால் இப்போது பல மாடல்களில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட வழியில்லை. ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் சிப் உள்ளதை எடுக்க வேண்டாம், பேட்டரி நீண்ட நேரம் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் பழைய மென்பொருளும் பிரின்டர் டிரைவரும் அதில் முரண்டு பிடிக்கலாம். திரையில் கொஞ்சம் கூடச் செலவு செய்யுங்கள், நாள் முழுக்க எழுத்தைப் பார்ப்பவருக்கு பிராசஸரைவிட அதுதான் முக்கியம்.

மரப்பல்லி:
டிராடோஸ் என்றால் நான் வாபஸ். பழையதை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், எஸ்எஸ்டி போட்டு மின்ட் ஏற்றினால் பிரவுசருக்கும் பாட்டுக்கும் இன்னும் சில வருஷம் ஓடும். வீடியோவுக்கு கேடென்லைவ் உண்டு, சின்னச் சின்ன வெட்டுக்குப் போதும்.

தறிநாடா:
எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன். பின்பக்கத் திருகுகளை எல்லாம் கழற்றியும் மூடி வரமாட்டேன் என்கிறது, நெம்பினால் உடைந்துவிடும் போலிருக்கிறது.

மரப்பல்லி:
நெம்பாதீர்கள். அடியில் இருக்கும் ரப்பர் காலை மெல்ல உரித்துப் பாருங்கள், அதற்குள் ஒரு திருகு ஒளிந்திருக்கும்.

தறிநாடா:
இரண்டு இருந்தது.