கேரல் ரவுண்ட்ஸ் காசு மிச்சம் இருக்கிறது, 26ஆம் தேதி என்ன செய்யலாம்?

காட்பாடி வாலிபன்:
எங்கள் சபை வாலிபர் சங்கத்தில் இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போன கேரல் ரவுண்ட்ஸ் காணிக்கை வேன் வாடகை, டீ, கேக் எல்லாம் போக 14,000 ரூபாய் கையில் நிற்கிறது. 25 மாலை பிரியாணி பொட்டலம் வாங்கி வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்துவிடலாம் என்கிறார் செயலாளர். எனக்கென்னவோ மறுநாள் செய்தால் நன்றாக இருக்கும் என்று படுகிறது. ஆபீசில் லண்டன் கிளையன்ட்டுக்கு அன்று பாக்ஸிங் டே லீவு, யாரோடு யார் குத்துச்சண்டை என்று பக்கத்து சீட்டுக்காரன் கிண்டல் செய்கிறான். அந்த நாளுக்கும் தானத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

ஆரணி ரோடு:
குத்துச்சண்டை எல்லாம் இல்லை தம்பி, அது பெட்டி. கோயில் தர்மப் பெட்டியை கிறிஸ்துமஸுக்கு மறுநாள் திறந்து ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்ததால் வந்த பெயர் என்று ஒரு கதை. கடைப் பையன்களும் வேலைக்காரர்களும் ஒரு பெட்டியை நீட்டி இனாம் வாங்கியதால் வந்தது என்று இன்னொன்று. நம் ஊரில் தபால்காரருக்குத் தீபாவளி இனாம் கொடுக்கிறோமே, அந்த மாதிரி. 1663 டிசம்பரிலேயே லண்டனில் ஒருவர் செருப்புக்கடைப் பையன்களின் பெட்டியில் காசு போட்டதை டைரியில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்துப் பெட்டி நம் மண் உண்டியல் போலத்தான், உடைத்தால்தான் காசு வரும். 1871இல் சட்டம் போட்டு விடுமுறை ஆக்கினார்கள்.

முடியப்பன் பேரன்:
நாங்கள் கத்தோலிக்கர். எங்களுக்கு 26 புனித முடியப்பர் திருநாள், உங்கள் பைபிளில் ஸ்தேவான். தாத்தா அன்றைக்குப் பிறந்ததால்தான் அவருக்கு அந்தப் பெயர். எல்லோருக்கும் அவர் கல்லெறிந்து கொல்லப்பட்டதுதான் நினைவில் இருக்கும், அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் என்று அப்போஸ்தலர் 6ஐத் திறந்து பாருங்கள். எருசலேம் சபையில் தினமும் விதவைகளுக்குச் சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள், அதில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் மட்டும் விட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்து, அதைச் சரிசெய்யத்தான் ஏழு பேரை வைத்தார்கள். அதில் முதல் பெயர் இவருடையது. பந்திவிசாரணைக்காரர்! யார் விட்டுப்போனது என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம்.

சைதாப்பேட்டை அக்கா:
தம்பி, நான் இங்கே லாட்ஜ் கணக்கு பார்க்கிறவள், சென்னை சைதாப்பேட்டை இல்லை, நம் வேலூர் சைதாப்பேட்டை. தயவுசெய்து 25 அன்று பிரியாணி வேண்டாம். போன வருடம் ஒரே ஆளுக்கு மூன்று பொட்டலம், இரவு குப்பைத் தொட்டியில் பிரிக்காமலே கிடந்தது. காலையில் ஆபரேஷன் முடிந்தவர் அதை எப்படிச் சாப்பிடுவார்? 26 காலையில் ஒரு ஈ காக்கை வரவில்லை. எங்கள் லாட்ஜில் இருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளம், ஜார்க்கண்ட் பக்கம், ஒரு மாதம் இரண்டு மாதம் தங்கி அறையிலேயே சமைத்துக்கொள்கிறார்கள், கையில் கொண்டுவந்த காசு டெஸ்ட்டுக்கும் மருந்துக்குமே போய்விடுகிறது. புழுங்கல் அரிசி, மசூர் பருப்பு, உருளைக்கிழங்கு, கடுகு எண்ணெய் கொடுத்தால் ஒரு வாரம் ஓட்டுவார்கள். மார்கழிக் குளிருக்குப் போர்வை கூட இல்லாமல் வருகிறவர்கள் உண்டு. முக்கியமாக, என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். முடியப்பன் பேரன் சொன்ன கிரேக்க விதவைகள் இங்கே இந்தியும் பெங்காலியும் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

பாகாயம்:
எல்லாம் சரி. உங்கள் கோயிலைப் பெருக்குகிற அம்மாவையும் வாட்ச்மேனையும் யார் கவனிப்பது? 25 விடியற்காலை ஆராதனைக்கு நாம் புதுத்துணியில் போகிறோம், அவர்கள் மூன்று மணிக்கே எழுந்து நாற்காலி போடுகிறார்கள். ஆரணி ரோடு சொன்ன பெட்டி அவர்களுக்குத்தானே? வெளியே போவதற்கு முன்னால் அந்தக் காசில் ஆளுக்கு ஆயிரம் உறையில் போட்டுக் கொடுத்து, மறுநாள் லீவும் விடுங்கள். நாற்காலியை வாலிபர் சங்கமே அடுக்கட்டும்.

காட்பாடி வாலிபன்:
எல்லோருக்கும் நன்றி. பாகாயம் அண்ணே, சுருக்கென்று இருந்தது, இரண்டு உறை தயார். மீதி 12,000க்கு அக்கா சொன்ன சாமான். செயலாளர் ஒப்புக்கொண்டார், ஆனால் பேனர் வைக்கலாமா, போட்டோ எப்போது எடுப்பது என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரே சிக்கல், எங்கள் ஆட்களில் ஒருத்தருக்கும் பெங்காலி தெரியாது. 26 காலை பத்து மணிக்கு அக்கா லாட்ஜுக்கு யாராவது வர முடியுமா?