பதினான்கு வயதைக் கடந்த மாணவியை எட்டாம் வகுப்பில் சேர்க்கச் சட்டம் தடுக்கிறதா?

கேள்வி: தென்பெண்ணைக் கரை

அனைவருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கும் என் அக்காள் மகளுக்காக இதை எழுதுகிறேன். அவள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்குச் செல்லவில்லை. என் அக்காள் படுத்த படுக்கையாகிவிட்டதால் சமையல், தண்ணீர், தம்பியைக் கவனிப்பது எல்லாம் அவள் தலையில் விழுந்தன. அப்போது அவளுக்கு வயது 13. இப்போது அக்காள் எழுந்து நடமாடுகிறாள். மகளும் படிக்க வேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள். ஆனால் வயது 15 ஆகிவிட்டது.

அருகில் உள்ள பள்ளியில் விசாரித்தபோது, கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரைதான் என்றும், அதற்கு மேற்பட்டவர்களை எட்டாம் வகுப்பில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவள் அழுததைப் பார்க்கத் தாங்கவில்லை. இது உண்மையிலேயே சட்டம்தானா?

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் வகுப்பில் சேர்த்தபோது ஐந்து வயது நிறைந்ததாகக் காட்டுவதற்காக, பிறப்புச் சான்றிதழில் உள்ளதைவிட ஒன்பது மாதம் முந்தைய தேதியைப் பள்ளியில் கொடுத்துவிட்டார்கள். அதனால் ஏதேனும் தடை வருமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

சகோதரி, முதலில் அந்தப் பிள்ளையிடம் கதவு மூடப்படவில்லை என்று சொல்லிவிடுங்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிச் சென்று அழைத்து வருவது எங்கள் கடமைகளில் ஒன்றாக இருந்தது. அப்படி வந்தவர்களில் வயதில் மூத்த பிள்ளைகள் எத்தனையோ பேர் என் பள்ளியிலேயே படித்திருக்கிறார்கள்.

இடைநின்ற மாணவரின் விவரம் அழிந்துபோவதில்லை. எமிஸ் எனப்படும், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவர இணையப் பதிவில் அது பொதுத் தொகுப்புக்குச் சென்று அங்கேயே இருக்கும். மீண்டும் சேர்க்கும் பள்ளி அந்த எண்ணைக் கொண்டே அவளை எடுத்துக்கொள்ளலாம். எனவே பழைய பள்ளியில் அவளுடைய எமிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மாற்றுச் சான்றிதழையும் கேளுங்கள். ஆனால் அது கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, அந்தச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவே கூறுகிறது.

அடுத்து, வட்டார வள மையத்துக்குச் சென்று ஆசிரியர் பயிற்றுநரைப் பாருங்கள். பள்ளி செல்லாக் குழந்தைகளின் கணக்கெடுப்பு அவர்கள் கையில்தான் இருக்கிறது. விட்ட பாடங்களை ஈடுசெய்யச் சிறப்புப் பயிற்சி அளிக்க வழி உண்டு. மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு விதிகள் அதற்குக் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு என்று கால அளவு வகுத்திருக்கின்றன. எட்டாம் வகுப்பில் பாதியைத் தாண்டிவிட்ட பிள்ளைக்கு நீண்ட பயிற்சி தேவைப்படாது என்பது என் கணிப்பு. கணக்கும் ஆங்கிலமும் மட்டும் சற்றுப் பின்தங்கியிருக்கும்.

வீட்டு வேலை மறுபடியும் அவளை இழுத்துவிடும் என்ற அச்சம் இருந்தால், கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உண்டு உறைவிடப் பள்ளி பற்றியும் அதே மையத்தில் விசாரியுங்கள். பின்தங்கிய வட்டாரங்களில், வறிய, ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பெண் பிள்ளைகளுக்காக அமைந்தவை அவை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இந்தப் பள்ளிகளுக்கான வயது வரம்பு 10 முதல் 18 வரை என்றே இருக்கிறது. 15 வயதுப் பெண் அங்கே மிகை வயதுக்காரி அல்லள்.

பதில்: வழக்கறிஞர், சேலம்

தலைமையாசிரியர் ஐயா நடைமுறையைச் சொல்லிவிட்டார். சட்டத்தின் வாசகத்தை நான் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 2ஆம் பிரிவில் 6 முதல் 14 வயது வரை உள்ளவரையே குழந்தை என்று வரையறுக்கிறது. பள்ளியில் சொன்ன பதில் இந்த ஒரு வரியிலிருந்து பிறந்தது. ஆனால், 14 வயது வரை கல்வி தர மறுக்கக் கூடாது என்று அரசைக் கட்டாயப்படுத்துவது வேறு. 14க்குப் பிறகு சேர்க்கக் கூடாது என்று தடை விதிப்பது வேறு. சட்டத்தில் முதலாவதுதான் இருக்கிறது. இரண்டாவது, அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை.

உங்கள் அக்காள் மகளின் நிலை இன்னும் வலுவானது. எட்டாம் வகுப்பை முடிக்காமல் நின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது; அப்படிச் சேர்க்கப்பட்டவர் 14 வயதைக் கடந்த பிறகும் தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை கட்டணமின்றிப் படிக்க உரிமையுள்ளவர் என்று அதே பிரிவின் நிபந்தனை வாசகம் கூறுகிறது. இங்கே தொடக்கக் கல்வி என்பது 1 முதல் 8ஆம் வகுப்பு வரை. 14 வயதுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டவருக்கே இந்த வாசகம் பொருந்தும் என்று குறுக்கி வாசிப்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் பள்ளியில் சேர்ந்த குழந்தையைத் தொடக்கக் கல்வி முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்று 16ஆம் பிரிவும் சொல்கிறது. தாயின் நோயால் வராமல் இருந்தவளின் பெயரை நீக்கிவிட்டு, பிறகு வயதைக் காட்டி மறுப்பது அந்தப் பிரிவின் நோக்கத்துக்கே எதிரானது என்பதே என் கருத்து.

14 என்ற இந்த எண், 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45ஆம் உறுப்பிலிருந்து வருவது. பத்து ஆண்டுகளுக்குள் 14 வயது வரை அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது அது. 2002இல் 86ஆவது திருத்தம் 21அ உறுப்பைச் சேர்த்து அதை அடிப்படை உரிமையாக்கியபோதும் அந்த எண் மாறவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மட்டும், குறிப்பிட்ட அளவு குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இந்த உரிமையை 18 வயது வரை நீட்டியிருக்கிறது. ஏனைய பிள்ளைகளுக்கும் 18 வரை நீள வேண்டும் என்பதே என் உறுதியான விருப்பம்.

பிறந்த தேதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேர்க்கைக்கு அது தடையல்ல. வயதுச் சான்று இல்லாத குழந்தைக்குக்கூடச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 14ஆம் பிரிவு. ஆனால் தவறான தேதியை அப்படியே விட்டுவிடாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்ட தேதியை மாற்றுவது மிகக் கடினம். பிற சட்டங்களிலும் அதற்கே எடை அதிகம்: இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 94ஆம் பிரிவு, வயதைத் தீர்மானிக்கப் பள்ளியின் பிறந்த தேதிச் சான்றையும் மெட்ரிகுலேஷன் (பத்தாம் வகுப்பு) சான்றையும்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ் அவை இல்லாதபோதுதான். ஆகவே பிறப்புச் சான்றிதழை இணைத்து, திருத்தம் கோரும் மனுவைச் சேர்க்கையின்போதே தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.

பதில்: தறிவீடு

அக்கா, நான் ஏழாம் வகுப்போடு நின்று, பதினேழாவது வயதில் மீண்டும் புத்தகம் எடுத்தவள். எனக்குப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்றும் அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதினேன். அதற்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் போதும். பிறகு பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராகவே எழுதினேன். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும் என்பது தெரியாமல் அதில் ஓர் ஆண்டை இழந்தேன்; உங்கள் பெண்ணுக்கு அந்த நிலை வரக் கூடாது.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் பத்தாம் வகுப்பு எழுதலாம். 14 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு இல்லை. ஆயினும், பள்ளியில் சேர வழி இருக்கும்போது இந்த வழிகளுக்கு அவசரப்பட வேண்டாம் என்பதே என் அனுபவம். தனியாகப் படிக்கிறவளுக்குச் சந்தேகம் கேட்க ஆசிரியர் இல்லை, மதிய உணவு இல்லை, கூடப் படிக்கத் தோழி இல்லை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதலில் நிற்பது அவள் படிப்புத்தான். மேலும், உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் பெண் ஆறும் ஏழும் அரசுப் பள்ளியில்தான் முடித்திருக்கிறாள். அந்தத் தொடர்ச்சியை விட்டுவிடாதீர்கள்.

மீண்டும்: தென்பெண்ணைக் கரை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அவளை அருகில் உட்காரவைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். எட்டாம் வகுப்பு முடித்துவிட்டால் ஒன்பதாம் வகுப்பில் மறுபடியும் வயதைச் சொல்லி நிறுத்துவார்களா என்று கேட்கிறாள். கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. அதுவும் ஒரு காரணமாகிவிடுமா?

பதில்: வழக்கறிஞர், சேலம்

தாமதம் காரணமாகாது. கால நீட்டிப்பு முடிந்த பிறகு வந்தாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 15ஆம் பிரிவு கூறுகிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்பது உண்மை. ஆயினும் அரசுப் பள்ளியில் அங்கும் கல்விக் கட்டணம் கிடையாது; எட்டு முடித்த சான்றோடு வருபவளை 16 வயது என்பதற்காக மட்டும் நிறுத்த அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான்: சேர்க்கை கோரும் மனுவை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாக மறுத்தால், எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்பதை மனுவிலேயே எழுதித் தருமாறு பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் அந்தக் கட்டத்திலேயே சேர்க்கை நடந்துவிடும். நடக்காவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மனு அனுப்புங்கள். 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் அளித்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன் பிறகு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஒவ்வொரு மனுவிலும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.