ஆன்டிபயாட்டிக் முடித்த வயிறு: கேப்சூலா, கூழா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். பல்வலி போனது, வயிற்றால் போக ஆரம்பித்தது. குடலில் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் அந்த மருந்து சேர்த்தே அடித்துவிடும், சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். சாக்கரோமைசிஸ் பூலார்டி என்று ஒரு கேப்சூல் எழுதினார். அதில் இருப்பதும் உயிருள்ள நல்ல நுண்ணுயிர்தான், ஆனால் பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது என்பதால் கூடவே சாப்பிடலாமாம். பாக்டீரியா வகை கேப்சூல் என்றால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

பெயரைத் தேடினால் நம்மூர் வாடை அடிக்கிறது. ஆன்ரி பூலார் என்ற பிரெஞ்சுக்காரர் 1920களில் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலிலிருந்து பிரித்தெடுத்தது இது. எங்கள் தாத்தா சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் வேலை பார்த்தவர்; இருந்திருந்தால் அந்தத் தோலைப் பற்றி ஒரு கதையாவது விட்டிருப்பார். எனக்கு கேப்சூலோடு அடங்கியது. தானாகவே நின்றிருக்குமோ என்னவோ, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சக்குப்பம், கடலூர்:
தம்பி, அந்த நேரத்துக்கு கேப்சூல் சரி. எங்கள் வீட்டில் மாமியார் கை கூழ்தான். ஆடியில் அம்மனுக்கு ஊற்றுவதோடு நிற்காது, வெயில் காலம் முழுக்க உண்டு. கேழ்வரகு மாவை முதல் நாள் கரைத்துப் புளிக்க விடுவார். மறுநாள் நொய்யை வேகவிட்டு, அதில் மாவைக் கொட்டிக் கிண்டி, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவிடுவார். காலையில் மோர் ஊற்றிக் கரைத்து, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம்.

அடுப்பில் கிண்டும்போதே மாவில் வளர்ந்தவை பெரும்பாலும் செத்துவிடும். இட்லியும் அப்படித்தான், ஆவியில் வெந்த பிறகு புளிக்கவைத்த பாக்டீரியா உயிரோடு மிஞ்சாது. கூழில் உயிரோடு வருவது ராத்திரி தண்ணீரில் புதிதாகப் பெருகியதும் மோரில் இருப்பதும். அதனால்தான் சுடச்சுட இருக்கும் கூழில் மோர் ஊற்ற வேண்டாம் என்கிறேன். வெங்காயத்தையும் ஒதுக்காதீர்கள். அதிலுள்ள இனுலின் என்ற நார்ச்சத்து நமக்குச் செரிக்காது, பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. ஆறிய சோற்றில் மாவுச்சத்து கொஞ்சம் செரிக்காத வகையாக மாறுமே, அதுவும் அவற்றுக்கே போகிறது.

கோரிமேடு, புதுச்சேரி:
அம்மாவுக்குக் கீமோ ஓடிய சமயம் பக்கத்து வீட்டில் இதே கேப்சூலைச் சொன்னார்கள். டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார். எதிர்ப்பு சக்தி இறங்கியிருக்கும்போது, அதிலும் கழுத்து வழியாக மருந்துக்குழாய் போட்டிருந்தால், அந்த ஈஸ்ட் ரத்தத்தில் கலந்து வினையாகிவிடலாமாம். பழைய சோற்றுக்கும் அப்போது தடை.

முத்தியால்பேட்டை:
மஞ்சக்குப்பம் அக்கா, இந்த வெயிலில் உருண்டை எத்தனை நேரம் தாங்கும்?

மஞ்சக்குப்பம்:
மறுநாள் மதியத்துக்கு மேல் நாங்கள் வைப்பதில்லை. நூல் விட்டாலோ, புளிப்பு மாறி வேறு வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.