'எழும்பல்' என்ற சொல்லுக்காக ஒரு வழக்கு

அன்பின் நண்பர்களுக்கு,

பலகையில் நின்று கடலலை மீது போகும் சேர்ஃபிங் விளையாட்டுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலுக்கு வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். விளையாட்டின் பெயராக 'நீர்ச்சறுக்கு' வேண்டாம் என்பதே என் கருத்தும். விசைப்படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகும் விளையாட்டுக்கு அந்தப் பெயரை விட்டுவிடலாம். திரை என்பது அலைக்கும் பெயர் என்பதால் 'திரையேற்றம்' அழகான சொல்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் அதைச் சுவரொட்டியில் அச்சிட்டால், எந்தத் தியேட்டரில் என்று கேட்பார்கள்.

'அலைச்சறுக்கு' எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பழகிய காதுக்கு, "நன்றாகச் சறுக்கினான்" என்பது பாராட்டா பரிதாபமா என்று விளங்காது. ஆனால் இந்த விளையாட்டை வளர்த்த ஹவாய் மக்களின் சொல் 'ஹெஎ நலு'. நலு என்றால் அலை, ஹெஎ என்றால் சறுக்குதல். உரித்துக்காரரே சறுக்கு என்று சொன்ன பிறகு நாம் ஏன் முரண்டு பிடிக்க வேண்டும்? அதை வைத்துக்கொள்வோம்.

என் வழக்கு 'பாப் அப்' பற்றியது. பலகையில் குப்புறப் படுத்திருப்பவர், அலை பலகையைத் தூக்கும் கணத்தில் நெஞ்சருகே கையூன்றி, ஒரே வீச்சில் இரு பாதங்களையும் உடலுக்கடியில் கொண்டுவந்து நிற்கிறார். புதிதாகப் பழகுபவருக்கு முழு விளையாட்டும் இந்த ஒரு நொடிதான். இதற்கு 'உடனடி எழுநிலைத் தாவல்' என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. எழுதியவர் கடலில் நனைந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நான் நனைந்தேன். எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் பாக்கு நீரிணை ஆழமற்றது, பெரிய அலை வராது. கசூரினா கடற்கரையில் பலகையைப் போட்டால் அதில் படுத்துத் தூங்கலாம். ஆகவே கடந்த ஜூலையில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடாவுக்குப் போனேன். அங்கே பருவம் ஏப்ரல் அளவில் தொடங்கி ஒக்டோபர் வரை நீளும். பழக்கிய பொத்துவில் இளைஞர் காலை முழுவதும் மணலில் தமிழில்தான் பேசினார். முழங்காலை ஊன்றாதீர்கள், பலகையைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள் என்றெல்லாம். இடுப்பளவு நீருக்குள் இறங்கியதும் "அப்! அப்!" என்று கத்தத் தொடங்கிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "எழுந்திருங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் அலை கரைக்குப் போய்விடும், ஐயா" என்றார்.

அடுத்த அலைக்கு "எழும்பு" என்று கத்தச் சொன்னேன். பெரியவரை அப்படி எப்படி அழைப்பது என்று தயங்கினார், பிறகு கத்தினார். நான் முழங்காலில் நின்று, பக்கவாட்டில் விழுந்து, உப்பு நீர் குடித்தேன். ஆனால் உடம்பு அந்தச் சொல்லைக் கேட்டது. பள்ளி நாள்களில் அம்மா விடியற்காலையில் சொன்ன சொல் அல்லவா? படுக்கையிலிருந்து எழுவதற்கு நம்மிடம் உள்ள சொல், பலகையிலிருந்து எழுவதற்கும் பொருந்துகிறது. பெயர்ச்சொல்லாக 'எழும்பல்' என்று வைக்கலாம்.

பொதுச்சொல் கலைச்சொல்லாகாது என்று யாரும் எழுத வேண்டாம். கிரிக்கெட்டில் 'ஓட்டம்' என்கிறோம். பஸ்ஸுக்கு ஓடுவதோடு யாரும் அதைக் குழப்பிக்கொள்வதில்லை. அலை இரைச்சலுக்கு மேலாகக் கத்த முடியாத சொல்லைக் கடல் விளையாட்டுக்குத் தருவதில் பயனில்லை.

படுத்தபடி கையால் நீரைத் தள்ளுவதற்குக் 'கைவலித்தல்' என்று முன்மொழிகிறேன். தமிழக நண்பர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு உடம்பில் வருவது 'நோ', வலிப்பது துடுப்பைத்தான். மறுநாள் காலை இரண்டு பொருளும் சரியாக வந்தது வேறு கதை.

பலகையையும் பின்காலையும் இணைப்பதற்குக் 'கால்கயிறு' போதும். 'பாதுகாப்புப் பிணைநாடா' தேவையில்லை. உடைந்து வெண்மையாக வரும், தொடக்கநிலையாளர் பழகும் அலைக்கு 'நுரையலை' நன்று. உடையாத அலையைப் 'பச்சை அலை' என்பது ஆங்கிலத்தின் நிழல், 'உடையா அலை' என்றே சொல்லலாம்.

ஒன்று மட்டும் என்னிடம் இல்லை. அலை முதன்முதலில் மடிந்து உடையத் தொடங்கும் இடம். அங்கே காத்திருப்பவருக்குத்தான் அந்த அலையில் முன்னுரிமை என்பதால் அந்தச் சொல் கட்டாயம் வேண்டும். நாம் உட்கார்ந்து உருவாக்குவதைவிட, ஞாயிற்றுக்கிழமை மணற்காட்டுக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களிடம் கேட்டு எழுதுகிறேன். அதுவரை பட்டியலில் அந்த வரியை வெறுமையாக விட்டுவையுங்கள்.