எமிட்டரில் இருந்த 100 மைக்ரோஃபாரட்

ஒற்றை ட்ரான்சிஸ்டரில் ஏஎம் மாடுலேட்டர் (ரேடியோ அலையின் உயரத்தை ஒலிக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கும் சுற்று) கட்டி, ஒலி கரகரவென்று வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் ட்ரான்சிஸ்டரின் எமிட்டர் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் கெப்பாசிட்டரைப் பாருங்கள். நான் அதைக் கடைசியாகப் பார்த்தேன், இரண்டு நாள் போனது.

ட்ரான்சிஸ்டர் பிசி 547, பேஸில் 1 மெகாஹெர்ட்ஸ் கேரியர் (ஒலியைச் சுமக்கும் ரேடியோ அலை), கலெக்டரில் அந்த அலைக்கு டியூன் செய்த எல்சி டாங்க் (காயிலும் கெப்பாசிட்டரும்), 1 கிலோஹெர்ட்ஸ் ஆடியோ 4.7 கிலோ ஓம் வழியாக எமிட்டருக்கு. ஆடியோ பெருக்கி கட்டிக் கட்டிப் பழகிய கை, எமிட்டரில் தன்னால் ஒரு 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கைச் செருகிவிட்டது. 1 கிலோஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு (ஏசிக்குக் காட்டும் தடை) 1.6 ஓம்தான், எமிட்டருக்குள் தெரியும் தடையோ 1 மில்லி ஆம்பியரில் சுமார் 26 ஓம், ஆக நான் கொடுத்த ஆடியோவில் பெரும்பங்கு அப்படியே கிரவுண்டுக்கு இறங்கிவிட்டது. மாடுலேஷன் போதவில்லையே என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போனேன், கடைசியில் முன்னால் இருந்த ஆடியோ பெருக்கியே தலை தட்டிச் சிதைய ஆரம்பித்தது. பழியை ட்ரான்சிஸ்டர் மேல் போட்டு மூன்றை மாற்றினேன்.

அப்புறம் அந்த இடத்தில் 0.01 மைக்ரோஃபாரட் போட்டேன். கேரியருக்கு அது 16 ஓம், ஆடியோவுக்கு ஏறக்குறைய 16,000 ஓம். கேரியர் மட்டும் கிரவுண்டுக்கு இறங்கும், ஆடியோ இறங்காது. சரியான மாற்றம்தான், ஆனால் ஒலி முன்னைவிட மோசமானது! ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் என்வலப்பின் (கேரியரின் உச்சிகளைத் தொட்டுச் செல்லும் கோடு) பள்ளம் ஒவ்வொன்றும் பூஜ்யக் கோட்டில் படுத்துக் கிடக்கிறது. பழைய கோளாறுக்காக ஏற்றிய வால்யூம் அப்படியே இருந்ததுதான் காரணம். எமிட்டரில் ஓடுவது 1 மில்லி ஆம்பியர், ஆடியோ மின்னோட்டத்தின் உச்சம் அதைத் தாண்டினால் ட்ரான்சிஸ்டர் அந்த நேரம் முழுக்க அணைந்துவிடும். இந்த இடத்தில் பழைய கெப்பாசிட்டரையே திரும்பப் போட்டுவிடத் தோன்றும், போடாதீர்கள், வால்யூமை இறக்குங்கள். நான் இறக்கியதும் என்வலப் மேலே 3.4 வோல்ட், கீழே 0.6 வோல்ட் என்று நின்றது, கணக்குப் போட்டால் மாடுலேஷன் 70 சதவீதம் (வித்தியாசம் 2.8, கூட்டல் 4).

இடையில் இன்னொன்று: ஸ்கோப் புரோப்பை 1 மடங்கில் (1X) வைத்து டாங்கை டியூன் செய்யாதீர்கள். அது சேர்க்கும் நூறு பிக்கோஃபாரட் அளவு, புரோப்பை எடுத்ததும் டியூனிங்கை எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும். 10 மடங்கில் (10X) வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஸ்கோப்பில் என்வலப் அழகாக இருந்தது, இயர்போனில் மட்டும் சன்னமான கரகரப்பு போகவில்லை. அது மாடுலேட்டரின் குற்றமே இல்லை. கேரியரிலிருந்து ஒலியைப் பிரித்து இயர்போனுக்குத் தரும் டயோடு டிடெக்டரில் 10 கிலோ ஓமுக்கு 0.1 மைக்ரோஃபாரட் வைத்திருந்தேன், நேர மாறிலி (கெப்பாசிட்டர் காலியாகும் வேகத்தின் அளவு, இரண்டின் பெருக்கல்) 1 மில்லிசெகண்ட், அதாவது ஆடியோவின் ஒரு முழுச் சுற்று நேரம். என்வலப் இறங்கும் வேகத்துக்கு அந்தக் கெப்பாசிட்டரால் காலியாக முடியாமல், இறங்கும் பக்கம் சாய்கோடாக வெட்டுப்பட்டது. 0.01 போட்டதும் 1 கிலோஹெர்ட்ஸ் விசில் விசிலாகவே கேட்டது.