எல்விஷ்ல இருட்டுக்கு இத்தனை வார்த்தையா? எது எங்க வரும்?

மேப்_கிறுக்கன்:
ஒரு உதவி வேணும் மக்களே. நாங்க நாலு பேர் விளையாடுற கதை விளையாட்டுக்கு நான்தான் மேப் வரையுறேன், அதுல ஒரு காட்டுக்கு "லார்ட் ஆஃப் த ரிங்ஸ்" எழுதின டோல்கீன் உருவாக்குன எல்விஷ் மொழிகள்ல ஒண்ணான சிண்டரின்ல பேர் வைக்கணும். பொழுது சாயுற நேரத்துல ஒரு சின்னப் பொண்ணு துரத்துறவங்ககிட்ட இருந்து தப்பிச்சு ஒளிஞ்சுக்குற காடு, அவளுக்கு அந்த இருட்டுதான் பாதுகாப்பு. நான் "எரின் மோர்ன்"னு எழுதி அனுப்பினேன், எரின்னா காடு, மோர்ன்னா இருட்டுன்னு. உடனே ஒருத்தன் "மோர்டோர் மாதிரி இருக்கு, வில்லன் குடியிருக்குற எடமா"ன்னு கேட்டுட்டான். சரி வேற பாக்கலாம்னு அகராதியத் திறந்தா டூ, ஃபுயின், க்வாத், லோமேன்னு வரிசையா வருது, எல்லாத்துக்கும் இருள், நிழல், இரவுன்னு மாத்தி மாத்திப் போட்டிருக்கான். எல்லாம் ஒண்ணுதானா, இல்ல நமக்கு மையிருட்டு வேற மங்கல் வேற கருக்கல் வேறன்னு இருக்குற மாதிரி ஏதாவது இருக்கா?

வேர்நோண்டி:
ஒண்ணு இல்ல, வேரே வேற வேற.

மோர் அடிப்படைல நிறம் (நமக்கு மோர்னா வேற ஞாபகம் வரும், அது இருக்கட்டும்). கருப்பு, அப்புறம்தான் இருட்டு. மோர்டோர்னா கருப்பு நிலம், மோரான்னான்னா கருப்பு வாசல். மோரியான்னு கதைல வர்ற சுரங்க நகரத்துப் பேர்ல பின்னாடி இருக்குற "யா" பெரிய பள்ளம், பாழ்னு அர்த்தம், ஆக கரும்பள்ளம். இதுல ஒரு கூத்து என்னன்னா அந்தப் பேரோட சத்தம் டோல்கீனுக்கு முதல்ல கிடைச்சது "சோரியா மோரியா கோட்டை"ன்னு ஒரு நார்வே நாட்டுப்புறக் கதைத் தலைப்புல இருந்து, ஒரு கடிதத்துல அவரே சொல்லியிருக்காரு. சத்தம் முன்னாடி வந்துச்சு, அர்த்தத்த அப்புறம் எல்விஷ்ல பொருத்திக்கிட்டாரு.

டூங்கிறது நேரம். ராத்திரி, ராத்திரியோட மங்கல். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மூல வடிவம் டோமே. சிண்டரின்ல ஓகாரம் ஊகாரமாகி வால் உதிர்ந்து வெறும் டூ ஆயிடுச்சு. அவரோட இன்னொரு எல்விஷ் மொழியான க்வென்யால சொல்லுக்கு முதல்ல வர்ற ட, ல-வா மாறும், அதனால லோமே. அதான் நைட்டிங்கேல் குருவிக்கு அங்க லோமேலிண்டே, இங்க டூலின், ரெண்டும் ஒரே சொல்தான். ஆனா க்வென்யாலயே டின்டோமே, உன்டோமேன்னு ரெண்டு இருக்கு பாருங்க, அதுல ட அப்படியே நிக்குது. ஏன்னா முன்னாடி ஒரு ன் முட்டுக் கொடுத்து நிக்குது. டின்டோமே விடியப்போற நேரத்து மங்கல், உன்டோமே சாயங்கால மங்கல் (உண்டோமேன்னு படிச்சுட்டு யாரும் சோத்துக்கு அலையாதீங்க). கதைல வர்ற ஆர்வென்ங்குற எல்ஃப் பொண்ணுக்கு உன்டோமியெல்னு பேர் வந்தது இதுலதான்.

ஃபுயின் அடர்த்தி, நம்ம கும்மிருட்டு. டவுர்-நு-ஃபுயின்னா இரவுக்கு அடியில கிடக்குற காடு, உங்க பொண்ண அங்க அனுப்பிடாதீங்க.

நிழல்தேடி:
க்வாத் விட்டுப்போச்சே. 1977ல வந்த டோல்கீனோட சில்மரில்லியன் புத்தகத்துக் கடைசில சொல் பட்டியல் இருக்குல்ல, அதுல ஒரு குட்டிக் குறிப்பு இருக்கு: க்வாத்னா வெளிச்சம் குறைஞ்ச மங்கல் மட்டும்தான், ஒரு பொருள் மேல வெளிச்சம் பட்டு தரையில விழுற நிழல் இல்ல. அதுக்கு மோர்காயின்ட்னு தனிச்சொல், "இருண்ட உருவங்கள்"னு அர்த்தம். நாம மரத்தடில ஒதுங்குறதையும் நிழல்ங்கிறோம், சுவத்துல ஆடுறதையும் நிழல்ங்கிறோம், அவங்க அத ரெண்டாப் பிரிச்சுட்டாங்க. எஃபெல் டூவாத் மலைல வர்ற டூவாத், டூவும் க்வாத்தும் சேர்ந்தது, சேர்றப்போ நடுவுல இருந்த க் காணாமப் போயிடும்.

இன்னொண்ணு, டூனெடைன்னு ஒரு மனுசக் கூட்டம் வருமே, அந்தப் பேர்ல வர்ற டூன் இந்த டூ இல்ல. அது மேற்கு, சூரியன் கீழ இறங்குறதுங்குற வேற வேர். "ராத்திரி மனுசங்க"ன்னு ஒரு பய என்கிட்ட அரை மணி நேரம் சண்ட போட்டான்.

கருப்புவாள்:
மோர்னா வில்லன்னு சொன்ன அந்த நண்பர்கிட்ட சில்மரில்லியன்ல வர்ற டூரின்ங்குற வீரனோட கதையப் படிக்கச் சொல்லுங்க. டூரினோட அம்மா பேரு மோர்வென். டூரினையே மோர்மெகில், கருப்பு வாள்னு கூப்பிட்டாங்க. மோரிக்வெண்டின்னு ஒரு எல்ஃப் கூட்டத்தையே சொல்றாங்க, அவங்க ஒண்ணும் கெட்டவங்க இல்ல, தேவலோகத்துல ஒளிவிட்ட ரெண்டு மரங்களோட வெளிச்சத்தப் பாக்காதவங்க, அவ்ளோதான். மோர்டோரும், மோர்கோத்ங்குற பெரிய வில்லனும் பிரபலமாகிட்டதால பேரு கெட்டுப்போச்சு, சொல் மேல என்ன தப்பு.

அப்புறம் உங்க எரின் மோர்ன்ல இலக்கணப் பிழை. பெயருக்குப் பின்னாடி அடைமொழி வந்தா ம, வ-வா இளகும், நம்ம புணர்ச்சி மாதிரிதான். "எரின் வோர்ன்"னு வரணும். ஆனா அந்தப் பேர்ல ஏற்கெனவே டோல்கீனோட கற்பனை உலகமான மிட்டில் எர்த் மேப்ல மேற்குக் கடலோரமா ஒரு காடு இருக்கு 😄

மேப்_கிறுக்கன்:
அட கொடுமையே, கண்டுபிடிச்சுட்டேன்னு நெனச்சா ஏற்கெனவே பட்டா போட்டாச்சா. டூ வெச்சா காடு எப்பவுமே ராத்திரிலயே கிடக்கும், க்வாத் பரவால்ல ஆனா எனக்கு அந்தப் பொழுது சாயுற நேரம் பேர்ல தெரியணும். அதுக்கு எதுவும் இல்லையா?

வேர்நோண்டி:
இருக்கே, உயல். நம்ம கருக்கல் எப்படி விடியக்காலத்துக்கும் வரும் சாயங்காலத்துக்கும் வருமோ அதே மாதிரி. பிரிக்கணும்னா காலைல மினுயல், சாயங்காலம் அடுயல். ஆனா நெனுயல்னு ஏரிக்கு வெறும் உயல்தான் வெச்சிருக்காரு, நென்னா தண்ணி. அதே அச்சுல எரின் உயல்னு வெச்சுக்கோங்க, உயிரெழுத்துல ஆரம்பிக்கிறதால எதுவும் இளகாது, தொல்லை இல்ல.

மேப்_கிறுக்கன்:
எரின் உயல். எழுதியாச்சு. பக்கத்துல இருக்குற குகைக்கு மட்டும் ஃபுயின் வெச்சுக்குறேன், வில்லன் வீடான்னு கேட்டவன அங்கதான் முதல்ல இறக்கிவிடப் போறேன்.